குலுக்கல் குடிவந்த வீடு

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் ஒச்சம்மாளுக்கு எப்போதும் உண்டு. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், ஜீப்புக்கு அடியில் இருக்கிற சாமான்களுக்குப் பெயர் தெரியாதவள், ஷாக் அப்சார்பரை 'அந்தக் குழாய்' என்றும் கமான் பட்டையை 'அந்த வளைஞ்ச தகடு' என்றும் சொல்லியே பழகியவள், ஒரு வார்த்தை மாறிப்போனால் கேட்கிறவர்கள் தன் புருஷனைக் குடிகாரர் என்று நினைப்பார்களோ, தன்னைக் கிறுக்கு என்று நினைப்பார்களோ, இரண்டும் இல்லையென்றால் பொழுது போகாமல் கதை கட்டுகிறாள் என்று நினைப்பார்களோ என்று யோசித்து யோசித்து, வாயெடுத்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, "முதல்ல டயரைச் சொல்லணுமா, வீட்டைச் சொல்லணுமா?" என்று கேட்டவரிடமே திருப்பிக் கேட்பாள். டயரிலிருந்து தொடங்குவதுதான் சரி.

போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்குக் கூட்டிப்போகிற ஜீப்புகளில் ஒன்று அவள் புருஷன் பவுன்ராசுவுடையது. விடியக் கருக்கலில் கிளம்பி, முந்தலைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டைக் கடந்து பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே பெண்களை ஏலக்காய் வாசனையும் அட்டை கடித்த கால்களுமாக ஏற்றிக்கொண்டு வருவார். ஏறின பெண்கள் எல்லாருக்கும் இடுப்புவலி. அதே தெருவில் குடியிருந்து அதே ஜீப்பில் வேலைக்குப் போகிற லோகமணி ஒருநாள் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, உங்க வண்டியில ஒருதரம் ஏறி எறங்குனா, பெத்த பிள்ளைகூட பயந்துபோயி திரும்ப வயித்துக்குள்ள ஏறிக்கிரும்ண்ணே."

ஸ்டாண்டு சிரித்தது. பவுன்ராசுவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு வீடு வரைக்கும் கசந்தது. அடுத்த வாரமே வண்டியைப் பட்டறையில் விட்டு, கெட்டிக் கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் தேடிப்பிடித்த மெல்லிசுப் பட்டைகளைப் போட்டு, புதுக் குழாய்கள் மாட்டி, பழைய இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பளபளவென்று அலாய் சக்கரமும் அகல டயரும் பூட்டினார். பூட்டியது மெக்கானிக் வேதமுத்து. நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எந்த வேலையை எடுத்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

வண்டி உயரமாகவும் அழகாகவும் நின்றது. ஓட்டினால் சத்தம். இடது பக்கம் ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி 'க்ரீச்' என்றது. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் 'டொக்' என்றது. ஓட்டத்தில் ஒரு ஊளை, பிரேக்கில் ஒரு முனகல். வேதமுத்து பெருமூச்சு விட்டுவிட்டு ஒவ்வொன்றாக விரட்டினார். மட்கார்டின் ஓரத்தை மடக்கித் தட்டினார். தேய்ந்த ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டுப் புதுசு போட்டார். பட்டையைக் கட்டியிருந்த கிளாம்பை முறுக்கினார், காற்றைக் குறைத்தார், சக்கரத்தின் விளிம்பில் ஈயத்துண்டு ஒட்டி எடை சமன் செய்தார், ஸ்குரூடிரைவரின் நுனியை வண்டியின் எலும்பில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு, கடைசியாக எங்கோ ஒளிந்திருந்த ஒரு சின்னக் 'கிணுக்'கையும் கிரீஸ் வைத்து அடக்கினார். அன்றைக்கு மலையேறிய ஜீப் ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு குலுக்கலும் இல்லாமல், பாலாடை வழுக்குவது போல ஏறியது. பெண்கள் தூங்கினார்கள். ஒருத்தி மடியில் பூ வைத்துக் கட்டிக்கொண்டே போனாள், நூல் சிக்கவில்லை.

அதே காலையில், போடியில், அடுப்படியில் நின்று கடுகு தாளித்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளின் காலுக்கடியில் தரை 'டொக்' என்றது. அலமாரியிலிருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கடுகு அவள் முகத்தில் தெறித்தது. பிறகு இடது பக்கம் ஒருச்சாய்ந்து ஒரு 'க்ரீச்', பிறகு ஒரு ஊளை, பிறகு பெரிதாக இன்னொரு 'டொக்'. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். கட்டில் அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பூகம்பம் என்று தெருவுக்கு ஓடினால், தெருவில் கோழிகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

சாயங்காலம் வேதமுத்துவைக் கூப்பிட்டு, திக்கித் திணறிச் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஸ்குரூடிரைவரைச் சுவரில் வைத்துக் காதில் பிடித்தார். அந்நேரம் ஜீப் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கீழிறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாத்தா," என்றார். "வண்டியில இருந்து நான் வெரட்டுன சத்தந்தேன். எனக்குத் தெரியாதா? அந்தக் கிணுக்குகூட வந்திருக்கு பாருங்க."

"இங்கன எதுக்குண்ணே வந்துச்சு?"

"வெரட்டுனா எங்கிட்டாச்சும் போகணும்ல. ஒங்க வீடு தெரிஞ்ச வீடு, வந்துருச்சு."

பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டைச் சரிபார்க்கத் தொடங்கினார். கட்டில் கால்களுக்குப் பழைய டியூபை வெட்டி ரப்பர் மெத்தை கொடுத்தார். கிரைண்டருக்கு அடியில் சின்ன டயர் ஒன்றைச் செருகினார். அலமாரியின் ஆணிகளை முறுக்கினார், கதவுக் கீலுக்கு கிரீஸ் வைத்தார். பிறகு கட்டிலுக்கடியில் மல்லாந்து படுத்து, பட்டறையில் வண்டிக்கடியில் படுத்துச் சொல்வது போலவே, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கத்தினார். மேலே உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் ஒரு குலுக்கலுக்கும் மறு குலுக்கலுக்கும் நடுவில், "அப்பிடியேதாண்ணே இருக்கு" என்றாள்.

பவுன்ராசு வந்து எல்லாவற்றையும் கேட்டார், கோபப்படவில்லை. மறுநாள் மெல்லிசுப் பட்டைகளைக் கழற்றிவிட்டுப் பழைய கெட்டிப் பட்டைகளையே மாட்டச் சொன்னார். மாட்டியும் பார்த்தார்கள். வண்டி அப்போதும் வழுக்கிக்கொண்டுதான் போனது, வீடு அப்போதும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. போன குலுக்கலுக்குத் திரும்பிவர இஷ்டமில்லை என்று வேதமுத்து தீர்ப்பு சொல்லிவிட்டு, மெல்லிசுப் பட்டைகளையே திரும்ப மாட்டிவிட்டார்.

தேவாரம் என்கிற ஊரில் அவள் நாத்தனார் மகளுக்குச் சடங்கு வந்தபோதுதான் மீதி விஷயம் தெரிந்தது. வேலைநாள், பவுன்ராசு மலையில் இருந்தார், ஒச்சம்மாள் மட்டும் பஸ்ஸில் போயிருந்தாள். பந்தியில் உட்கார்ந்து சோற்றைப் பிசையும்போது மண்டபத்துப் பெஞ்சு 'டொக்' என்று எழும்பி இறங்கியது. அவள் இலையில் ஊற்றிய ரசம் எதிரே இருந்த சம்பந்தக்காரரின் வேட்டியில் போய் விழுந்தது. தேவாரத்துக்காரர்கள் அவளை முறைத்தார்கள். வீடு திரும்பினால் பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று, "இன்னைக்கு பூரா ஒங்க வீடு சாமி கணக்கா அசையாம இருந்துச்சுக்கா" என்றாள். குலுக்கல் வீட்டுக்கு வரவில்லை, அவளுக்கு வந்திருக்கிறது. முன் சக்கரங்கள் இரண்டும் இரண்டு தோளில், பின் சக்கரங்கள் இரண்டும் இரண்டு இடுப்பில். அன்றைக்குப் படுக்கும்போது கவனித்தாள், இடது இடுப்பில் மட்டும் கன்றிப்போயிருந்தது. மலையிறங்கும்போது பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிற சக்கரம் அது.

ஊர் இதற்கும் பழகியது. எதற்குத்தான் பழகாது என்று ஒச்சம்மாளுக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. வேலைக்குப் போன பெண்களின் வீட்டார் சாயங்காலமானால் அவள் வாசலில் வந்து, "வண்டி எங்கன வருதுத்தா?" என்று கேட்பார்கள். அவள் தோளையும் இடுப்பையும் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "போடிமெட்டு எறங்கியாச்சு" என்றோ "முந்தல் செக்போஸ்ட்டுல நிக்கிது" என்றோ சொல்வாள். அவர்கள் போய் உலை வைப்பார்கள். தயிர்ப் பானையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போவாள் ஒருத்தி, வண்டி பூப்பாறையைத் தொடுவதற்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். அழுகிற கைக்குழந்தையைக் கொண்டுவந்து கொடுப்பாள் இன்னொருத்தி. முந்தல் வரைக்கும் உள்ள சமதளத்தில் குழந்தை சுகமாகத் தூங்கும், முதல் வளைவு வருவதற்குள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. கல்யாண வீடுகளில் மட்டும் அவளைக் கூப்பிடுவதை மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். கூப்பிட்டவர்களும், "விளக்கு பக்கம் உக்காராதீங்க மதினி" என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் ஜீப்பில் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். லோகமணி முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால், வயிறு தள்ளிய அமராவதி. ஏழாவது மாசத்திலும் மலைக்குப் போய் வருகிறவள், அந்த ஜீப் இருப்பதால்தான் போக முடிகிறது என்று சொல்லிக்கொள்கிறவள்.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க," என்றாள் லோகமணி. கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். "வேதமுத்து அண்ணன் புதுசா ஏதோ பண்ணிப் பாக்கப்போறாராமே. வேணாம்னு சொல்லிருங்க. எங்களுக்கு இப்பத்தான் இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்திருக்கு."

"அப்ப என் இடுப்பு?"

"நீங்க வீட்டுலதான இருக்கீங்க. படுத்துக்கலாம்ல. நாங்க எங்கக்கா படுக்க?"

ஒச்சம்மாளுக்குச் சுருக்கென்றது. அமராவதியின் வயிற்றைப் பார்த்தாள். அந்தப் பெண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். ஒச்சம்மாள் ஏலக்காய்ப் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "சரி, போங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் வலியை யாரிடமும் சொல்லவில்லை. குலுக்கல் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். முனகினால் தெருவில் கேட்கும், கேட்டால் அந்தப் பெண்களுக்குக் குற்றமாக இருக்கும் என்று வாயில் முந்தானையைத் திணித்துக்கொள்ளவும் பழகினாள்.

தாங்க முடியாதது வேறொன்று. குலுக்கல்கள் நெருங்கி நெருங்கி வரத் தொடங்கின. முந்தலுக்கும் முதல் வளைவுக்கும் நடுவில் முன்பெல்லாம் ஒரு சுளகு அரிசி புடைக்க நேரமிருக்கும், இப்போது கல் பொறுக்கக்கூட நேரமில்லை. வளைவுகளில் அவள் உடம்பு சாய்கிற சாய்வும் நாளுக்கு நாள் கூடியது. பவுன்ராசு வேகமாகப் போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. ரோடு அவர் கைக்கு எதையும் சொல்வதில்லை. பள்ளம் பள்ளமாக இல்லை, கல் கல்லாக இல்லை, பின்னால் பெண்கள் தூங்குகிறார்கள், ஒரு சத்தமில்லை. அப்படியொரு வண்டியில் கால் தானாக அமுங்கத்தானே செய்யும்?

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்," என்பாள் சோறு போடும்போது.

"மெதுவாத்தான போறேன்."

"இல்லைங்க. எனக்குத் தெரியிது."

"ஒச்சு, ஸ்டியரிங் எங்கிட்ட இருக்கு. நீ அடுப்படில இருந்துக்கிட்டு எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்காத." கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னார். அவளுக்கும் அசதியாக இருந்தது. இரண்டு அசதியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தன.

ஆனி மாதச் சாரல் பிடித்த ஒரு சாயங்காலம், வண்டி இறங்கிக்கொண்டிருந்த நேரம், அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தோளில் குலுக்கல், இடுப்பில் குலுக்கல், இடது பக்கம் ஒரு பெரிய சாய்வு. வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு 'டொக்' வரவேண்டும். வரவில்லை. முன் சக்கரத்தின் இடது தோளில் எதுவும் இல்லை. அந்தத் தோளே இல்லாதது போல, அதற்குக் கீழே பூமியே இல்லாதது போல, ஒரு வெறுமை. கீரை இணுக்கு கையில் அப்படியே நின்றது. மடியிலிருந்த கீரை ஒரு மூச்சு நேரம் மடியை விட்டு எழும்பி நின்றது. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், வெளியே விடவில்லை. பிறகு தோள்மேல் மலையே விழுந்தது போல ஓர் இடி. அவள் வாசற்படியிலிருந்து உருண்டு தெருவில் விழுந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜீப் வந்து நின்றது. பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கினார்கள். பவுன்ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டீ இருக்கா?" என்றார்.

ஒச்சம்மாள் நொண்டிக்கொண்டே போய் முன் இடது சக்கரத்தைப் பார்த்தாள். அந்தப் பளபளப்பு வெள்ளிச் சக்கரத்தின் இடுக்கில், பள்ளத்தாக்குச் சரிவில் மட்டும் முளைக்கிற கோரைப்புல் ஒரு கைப்பிடி, வேரோடும் ஈரமண்ணோடும் சிக்கியிருந்தது. ரோட்டில் அந்தப் புல் கிடையாது. ரோட்டோரத்தில்கூடக் கிடையாது. தடுப்புக்கல்லுக்கு அந்தப் பக்கம்தான்.

"இது எங்கன பிடிச்சது?" என்று கேட்டாள்.

பவுன்ராசு குனிந்து பார்த்தார். "தோட்டத்துல நிறுத்துன எடத்துல இருந்திருக்கும்."

"தோட்டத்துல இந்தப் புல்லா?"

"அப்ப எங்கன பிடிச்சதுன்னு நீயே சொல்லு." உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பொய் சொல்கிற முகமாக இருந்தால் அவளால் திட்டியிருக்க முடியும். அவர் முகம் வழியில் ஒன்றுமே நடக்காதவர் முகமாக இருந்தது. லோகமணியையும் கேட்டாள். "நான் தூங்கிட்டேன்க்கா" என்றாள் லோகமணி. அமராவதியும் தூங்கிவிட்டாளாம். பிள்ளை மட்டும் ஒருதரம் புரண்டதாம்.

கூப்பிட்டனுப்பியதும் வந்த வேதமுத்து புல்லை விரலால் இழுத்து எடுத்தார். இந்த முறை பெருமூச்சு விடவில்லை.

"ஆத்தா, வண்டியில குத்தம் ஒண்ணுமில்ல. எல்லாம் அதது எடத்துல இருக்கு. இருக்கவேண்டிய ஒரு ஆள்தான் வண்டியில இல்ல."

மறுநாள் கருக்கலில் ஸ்டாண்டில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஒச்சம்மாள் தூக்குவாளியோடு வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஜீப்காரர்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டுகிறவரும் அவர் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் மலையேறக் கூடாது. என்ன ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது. குலசாமி கோயிலுக்குப் போவதென்றால்கூட அவர்கள் இரண்டு வண்டியில்தான் போவார்கள்.

"யக்கா, எறங்குங்க," என்றாள் லோகமணி. "தேனியில படிக்கிற உங்க புள்ளைய நெனைச்சுப் பாருங்க. ஆருக்கு என்ன ஆனாலும் நீங்க ஒரு ஆள் வீட்டுல இருக்கணும்ல."

"நேத்து நீங்க எல்லாரும் இல்லாம நான் மட்டும் இருந்திருப்பேன்டி," என்றாள் ஒச்சம்மாள். "இருந்து என்ன பண்றது? உங்க வீட்டுல எல்லாம் வந்து கேப்பாக, வண்டி எங்கன வருதுன்னு. என்னன்னு சொல்ல?"

பவுன்ராசு அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு சாவியைத் திருப்பினார்.

முந்தல் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. முதல் வளைவுக்கு முன்னால் ரோடு அரித்துப்போன இடத்தில் வண்டி இறங்கியது. பின்னால் பெண்கள் அசையவில்லை, அமராவதியின் மடியிலிருந்த சோற்றுச் சட்டியின் மூடிகூட அசையவில்லை. முன் சீட்டில் ஒச்சம்மாள் மட்டும் மேலே போய்க் கூரையில் மண்டை இடித்துக் கீழே வந்தாள். அடுத்த கல்லுக்குக் கதவில் மோதினாள். அதற்கடுத்த பள்ளத்துக்கு முன் கண்ணாடிவரை போய்த் திரும்பினாள். பவுன்ராசு வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். இத்தனை நாளாக அந்த மலையில் இத்தனை கல்லும் பள்ளமும் இருந்தது அவருக்கு அப்போதுதான் திரும்பத் தெரிந்தது. கால் பெடலிலிருந்து தானாக மேலே வந்தது.

"இதெல்லாமா உனக்கு வந்துச்சு?" என்றார்.

"என்னைப் பாக்காதீங்க. ரோட்டைப் பாருங்க."

"உன்னையப் பாத்தாத்தான ரோடு தெரியிது."

அது மெய்தான். ஆனால் வளைவில் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டு யாராலும் வண்டி ஓட்ட முடியாது. ஒச்சம்மாள் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். பின்னாலிருந்த பெண்களிடம் ஒரு பழைய சேலை கேட்டு வாங்கினாள். காய் எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்கிற, கறை ஏறிய சேலை. அதைத் தன் வயிற்றோடும் சீட்டின் முதுகோடும் சேர்த்துச் சுற்றி, இழுத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். முன்னாலிருந்த இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளாக வாயில் திணித்து வைத்திருந்ததையெல்லாம் இனி திணிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

"எடுங்க வண்டிய," என்றாள்.

வண்டி நகர்ந்தது. பள்ளம் வந்தது. "ஆத்தாடீ!" என்று ஒச்சம்மாள் போட்ட சத்தத்தில் தூங்கப்போன பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், பவுன்ராசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கியரைக் குறைத்தார். அடுத்த வளைவு வந்தது. பள்ளத்தாக்கு வலது கைப்பக்கம் பனியோடு திறந்து கிடந்தது. அவள் முடிச்சை இன்னொருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.